கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு நூலகக் கணக்கு

கற்பிட்டிக்குச் செல்லும்போதெல்லாம் சைமன் காசிச்செட்டியின் நினைவு எனக்கு வருவதுண்டு. 1807இல் அந்தக் கரையில் பிறந்தவர் அவர். 1834இல் 'சிலோன் கெசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டார். ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'தமிழ் புளூராக்' 1859இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். தமிழரின் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் குறித்து அவர் எழுதியவை 1934இல்தான் நூலாயின. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தாள்கள் காக்கப்பட்டிராவிட்டால் அந்நூல் நமக்கு இல்லை.

காசிச்செட்டியின் கெசற்றியரை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையத்தில் படிக்கலாம். வெளிநாட்டு நூலகங்கள் தம்மிடமிருந்த பிரதிகளை மின்வருடி வைத்ததன் பயன் அது. ஆனால் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த எல்லா எழுத்துகளுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். பெரும்பான்மையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் ஓலைக் கொட்டில்களில் தஞ்சமடைந்தனர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செய்தி சேகரிக்க ஆலங்குடாப் பக்கம் சென்றபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். வீட்டையும் காணியையும் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. தாம் படிப்பித்த பாடசாலையின் ஆண்டு மலர் ஒன்றைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். "எங்கட தெருவின்ர சரித்திரத்தை நான் அதிலதான் எழுதினனான், தம்பி. கொழும்பில எங்கயாவது ஒரு பிரதி கிடைக்குமோ?" என்றார்.

கொழும்பில் தேடினேன்; கிடைக்கவில்லை. அதே காலத்தில், நான் முன்பு பணியாற்றிய பத்திரிகையொன்று கட்டடம் மாறியபோது பழைய இதழ்க் கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டது. அகதிக்கு மட்டுமன்றி, நிலையான முகவரி உள்ளவர்களுக்கும் தாள்கள் தொலையும் என்பதை அன்று அறிந்தேன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அந்த இழப்பின் நிழலில், 2005இல் சில இளைஞர்கள் தன்னார்வமாக 'நூலகம்' இணையத்தளத்தைத் தொடங்கினர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அவர்களுக்கு முன்னோடி. மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். நூலகத்தார் பெரும்பாலும் பக்கங்களை அப்படியே மின்வருடினர். விக்கிப்பீடியாவை இயக்கும் அதே இலவச மென்பொருளான மீடியாவிக்கியில் பட்டியலிட்டனர். புலம்பெயர்ந்தோரின் சிறு நன்கொடைகளும் ஊரிலுள்ளோரின் உழைப்புமே அவர்களின் முதல். இன்று அங்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன.

நமது பல்கலைக்கழக நூலகங்கள் கற்கவேண்டிய பாடம் இதில் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு டொலரில் சந்தா கட்டவேண்டும். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது அந்தச் சுமை இரட்டித்தது எனலாம். சேகரிப்பை உருவாக்கும் கருவிகளோ விலையின்றிக் கிடைக்கின்றன. 2002இல் எம்.ஐ.ரி.யும் ஹியூலற் பக்கார்ட்டும் வெளியிட்ட டிஸ்பேஸ் மென்பொருளை இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவும் பயன்படுத்துகின்றன. பணம் வேண்டியது வேறிடத்தில்: தாளைப் புரட்டவும் பட்டியல் எழுதவும் ஆள்வேண்டும், வழங்கிக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்டவேண்டும். திட்ட நிதியில் மின்வருடியை வாங்கிவிட்டு, நிதி முடிந்ததும் அதற்கு உறை போட்டுவைக்கும் நிறுவனங்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே, பணம் குறைந்த நூலகம் முதலில் முடிவு செய்யவேண்டியது எதை விடுவது என்பதைத்தான். வேறெங்காவது ஏற்கெனவே மின்வருடப்பட்டதற்கு ஓர் இணைப்புப் போதும். காசிச்செட்டியின் கெசற்றியரை இன்னொரு முறை வருடவேண்டியதில்லை. உடப்புக் கோயில் விழா மலர், புத்தளத்துப் பள்ளிவாசல் நினைவிதழ், அகதி முகாம்களில் அச்சான கவிதைத் தொகுதி, கைப்பிரசுரம் ஆகியவற்றை நாம் வருடாவிட்டால் வேறு எவரும் வருடப் போவதில்லை. கடற்காற்றின் ஈரமும் கறையானும் நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருப்பதுமில்லை.

பதிப்புரிமையும் கவனத்துக்குரியது. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி, நூலாசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். முகாம் எழுத்தாளர்கள் பலர் இன்னும் நம்மிடையே வாழ்பவர்கள். அவர்களைத் தேடிச் சென்று ஒரு கையொப்பம் பெறுவதற்குப் பணத்தைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும். செல்பவர் கையொப்பத்துடன் இன்னும் இரண்டு மலர்களையும் பெற்றுத் திரும்பக்கூடும்.

அந்த ஆசிரியரின் மலர் இன்றுவரை என் கண்ணில் படவில்லை. அதன் ஒரு பிரதி ரொறன்ரோவிலோ இலண்டனிலோ யாருடைய அலுமாரியிலாவது இருக்கலாம் என்ற நம்பிக்கையை மட்டும் நான் விட்டுவிடவில்லை. இதைப் படிப்பவர்கள் தத்தம் வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.