உயரம் சொல்லாத செய்தி: தொடக்கக்கால வாழ்க்கைச் சூழலும் குழந்தையின் இயக்க வளர்ச்சியும்

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2015–16இல் 27.1 விழுக்காடு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் அது 25 விழுக்காடாகக் குறைந்தது. அகில இந்திய அளவு 35.5 என்பதால் மாநிலத்தின் நிலை மேலானதாகத் தெரிகிறது. அறிக்கைகளும் அப்படியே எழுதப்படுகின்றன. அதே இரண்டு ஆய்வுகளில் இன்னொரு வரிசையைப் பார்க்கலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் இரத்தச்சோகை உள்ளவர்களின் பங்கு 50.7 விழுக்காட்டிலிருந்து 57.4க்கு ஏறியிருக்கிறது. விரல்நுனி இரத்தத்தைக் கொண்டு அளக்கும் முறை பற்றி வல்லுநர்களிடையே விவாதம் உண்டு. அதற்கு உரிய தள்ளுபடியைக் கொடுத்த பிறகும், பாதிக் குழந்தைகளுக்கு மேல் சோகை என்ற நிலையை மறுக்க முடியாது. உயரம் சற்றே தேறிய அதே ஆண்டுகளில் இரத்தம் தேறவில்லை.

ஒரு குழந்தையின் தொடக்கக்கால வாழ்க்கை எப்படி அமைந்தது என்பதை அறிய இன்று பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறோம்: வயதுக்கேற்ற உயரம். உடல் வளர்ந்தால் கூடவே உட்காருவதும் நிற்பதும் நடப்பதும் தானாக வந்துவிடும் என்ற எண்ணம் அந்த அளவுகோலுக்குள் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். உடல் வளர்ச்சியும் இயக்க வளர்ச்சியும் சில காரணிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. வேறு சில காரணிகள் ஒன்றை மட்டும் தொட்டு மற்றதை விட்டுவிடுகின்றன. ஒன்றை அளந்து இன்னொன்றை அறிந்ததாகக் கொள்ள முடியாது.

முதல் சான்றை உலக சுகாதார நிறுவனமே தந்திருக்கிறது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அது தொடர்ந்து கவனித்தது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். இன்று அங்கன்வாடிச் சுவரில் தொங்கும் வளர்ச்சி வரைபடம் இந்த ஆய்வின் பயன், 2006இல் வெளியானது. பிரேசில் நீங்கலாக மற்ற ஐந்து நாடுகளிலும் உயரம், எடையோடு ஆறு இயக்கப் படிநிலைகளையும் குறித்துக்கொண்டார்கள்: பிடிமானமின்றி உட்காருதல், பிடித்துக்கொண்டு நிற்றல், தவழ்தல், பிடித்துக்கொண்டு நடத்தல், தனியே நிற்றல், தனியே நடத்தல். தனியே நடப்பதற்கான இயல்பான கால எல்லை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிந்திருந்தது. கைகளையும் முழங்காலையும் ஊன்றித் தவழும் கட்டத்தை நூற்றில் நான்கு குழந்தைகள் முற்றிலும் தாண்டிப் போய்விட்டார்கள். இத்தரவுகளிலிருந்து கிடைத்த இன்னொரு முடிவு அதிகம் பேசப்படவில்லை. உயரமான குழந்தை முன்னதாக நடக்கவில்லை. குட்டையான குழந்தை பிந்தி நடக்கவில்லை. நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளிடம் உயரத்துக்கும் நடை தொடங்கும் வயதுக்கும் சொல்லத்தக்க தொடர்பே இல்லை.

ஏழை நாடுகளின் ஆய்வுகளிலோ, வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிந்தி நடக்கிறார்கள் என்பது மீண்டும் மீண்டும் வரும் செய்தி. இரண்டும் முரண்படவில்லை. குட்டையாக இருப்பது நடையைத் தடுக்கிறது என்றால் அது டெல்லியிலும் ஆஸ்லோவிலும் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஆகவே வறுமைச் சூழலில் தெரியும் தொடர்பு உயரத்துக்கும் நடைக்கும் நேரே உள்ள தொடர்பன்று. இரண்டையும் ஒருசேரக் கீழே இழுக்கும் பொதுக் காரணம் பின்னால் இருக்கிறது. அந்தக் காரணம் என்ன, அது ஒன்றா பலவா என்பதே ஆராய வேண்டியது.

கருவறையிலிருந்தே தொடங்கலாம். புனே அருகேயுள்ள கிராமங்களில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் நடத்திய ஆய்வில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. அந்தக் குறைவு உடம்பெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. தசையிலும் உள்ளுறுப்புகளிலும் குறை மிகுதி. முதுகுத் தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் குறை மிகச் சிறிது. பிற்கால நீரிழிவின் தோற்றுவாயாகவே இது பெரும்பாலும் விவாதிக்கப்படுகிறது. இயக்க வளர்ச்சியை ஆராய்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. தராசில் ஏறும் கிராம்கள் தசையாகவே ஏறுகின்றன என்று கொள்ள முடியாது. குழந்தையை நிமிர்த்துவதோ தசைதான்.

எடைக்கும் அசைவுக்கும் உள்ள உறவை எஸ்தர் தெலன் 1980களில் செய்த சோதனை கண்முன் காட்டுகிறது. பிறந்த குழந்தையை அக்குளில் பிடித்து, பாதம் தரையைத் தொடும்படி நிறுத்தினால் நடப்பதுபோலக் கால் மாற்றி வைக்கும். சுமார் இரண்டு மாதத்தில் அது நின்றுவிடும். மூளை முதிர்ந்து அந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்பதே அதுவரை பாடநூல் சொன்ன விளக்கம். தெலன், நடையை நிறுத்திவிட்ட குழந்தைகளை வெதுவெதுப்பான நீரில் மார்பளவுக்கு இறக்கிப் பிடித்தார். நீர் எடையைத் தாங்கியதும் கால்கள் மறுபடி நடந்தன. இன்னும் நடந்துகொண்டிருந்த குழந்தைகளின் காலில் சிறு எடையைக் கட்டியபோது நடை குறைந்தது. கொழுப்பு சேர்ந்து காலின் கனம் கூடுகிறது. அதைத் தூக்கும் வலிமை அதே வேகத்தில் சேர்வதில்லை. அதனால்தான் நடை நின்றிருக்கிறது. ஆரோக்கியமான எடை ஏற்றமே ஓர் அசைவைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கும் என்றால், வளர்ச்சியும் இயக்கமும் ஒரே கோட்டில் செல்கின்றன என்று சொல்ல இடமில்லை.

அடுத்தது, குழந்தைக்குக் கிடைக்கும் வாய்ப்பு. வெய்ன் டென்னிஸ் 1960இல் வெளியிட்ட தெஹ்ரான் ஆய்வு இன்றும் படிக்கப்பட வேண்டியது. இரண்டு அனாதை இல்லங்களில் இரண்டாம் வயதில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உட்காரவே தெரியவில்லை. நான்காம் வயதில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நடக்கத் தெரியவில்லை. மூன்றாவது இல்லம் ஒன்றும் இருந்தது. முதல் இல்லத்தில் பின்தங்கிய குழந்தைகளே அங்கு தேர்ந்து அனுப்பப்பட்டார்கள். ஆயினும் அங்கே வளர்ச்சி கிட்டத்தட்ட இயல்பாக இருந்தது. அங்கே குழந்தைகளைத் தூக்கினார்கள், அணைகொடுத்து உட்காரவைத்தார்கள், குப்புறப் போட்டார்கள். மற்ற இரண்டிலும் குழந்தைகள் நாளெல்லாம் மல்லாந்தே கிடந்தன. அங்கே இடம்விட்டு நகரக் கற்ற குழந்தைகளும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்ந்தன. குப்புறக் கவிழ்ந்து பார்க்காத குழந்தைக்குத் தவழும் பாதை திறப்பதில்லை. குழந்தை தானாக முதிரும், காலம் வந்தால் நடக்கும் என்ற கருத்துக்கு எதிரான வலுவான சான்றாக இதைக் கொள்கிறேன்.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே சார்லஸ் சூப்பர் 1970களில் கண்டது: தாய்மார் உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்குகிறார்கள், அக்குழந்தைகள் அவ்விரண்டையும் அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சுமார் ஒரு மாதம் முன்னதாகவே செய்கின்றன. பழக்காதவற்றில் அந்த முந்துதல் இல்லை. நம் வீடுகளில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் கைகால்களை நீவிவிடுவதையும், நடைவண்டியைப் பிடிக்கக் கொடுப்பதையும் இந்த ஆய்வின் வெளிச்சத்தில் நம் ஆய்வாளர்கள் முறையாக எடுத்து அளக்க வேண்டும்.

உணவையும் வாய்ப்பையும் ஒரே ஆய்வுக்குள் தனித்தனியே பிரித்துப் பார்த்தது சாலி கிரந்தம்-மெக்கிரிகர் ஜமைக்காவில் செய்த பணி. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 9 முதல் 24 மாத வயதுடைய, உயரம் குன்றிய 129 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு குழுவின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சுகாதார ஊழியர் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வீட்டில் கழித்துப் போடும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு தாயும் பிள்ளையும் விளையாடப் பழக்கினார். மூன்றாம் குழுவுக்கு இரண்டும். நான்காம் குழுவுக்கு இரண்டும் இல்லை. இரண்டாண்டு கழித்து அளந்து 1991இல் வெளியிட்ட முடிவில், குழந்தை வளர்ச்சி அளவையின் நடமாட்டத்தைக் குறிக்கும் பிரிவில் பால்மாவு 12.4 புள்ளிகளும் விளையாட்டு 10.3 புள்ளிகளும் கூட்டியிருந்தன. கை–கண் ஒருங்கிணைப்பில் பால்மாவு சேர்த்தது வெறும் 2.2 புள்ளி, புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதன்று, விளையாட்டு 6.4 புள்ளி சேர்த்தது. இரண்டும் பெற்ற குழந்தைகளுக்கு இரு பலன்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. வளர்ச்சி குன்றாத அண்டை வீட்டுக் குழந்தைகளை அவர்கள் எட்டிப் பிடித்தார்கள்.

இந்த எண்களைச் சற்று நின்று படிக்க வேண்டும். சோறு காலுக்கு வலுக் கொடுத்திருக்கிறது. விரலுக்கு நுட்பம் கொடுக்கவில்லை. விளையாட்டு இரண்டுக்கும் உதவியிருக்கிறது. உயரத்தை மட்டும் அது தொடவில்லை. உயரத்தை மட்டும் அளந்து இத்திட்டத்தை மதிப்பிட்டிருந்தால், வாராவாரம் வீட்டுக்குப் போன அந்த ஊழியரின் உழைப்பு முழுவதும் வீண் என்று எழுதியிருப்பார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே குழந்தைகளைத் தேடிப்பிடித்து நடத்திய ஆய்வில் (2014), விளையாட்டுக் குழுவினரின் வருமானம் 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் தெரியவில்லை.

உணவுக்கு ஆற்றல் இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாத் தேயிலைத் தோட்டங்களில், பகல்நேரக் காப்பகங்களுக்கு வந்த 6 முதல் 20 மாதக் குழந்தைகளுக்கு 90 நாள் மட்டும், நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கலோரி கூடுதல் உணவு கொடுத்தார்கள். 1991இல் வெளியான முடிவு: மனவளர்ச்சி அளவையில் வேறுபாடில்லை; இயக்க அளவையில் தெளிவான முன்னேற்றம். மூன்று மாதத்தில் உயரம் பெரிதாக மாற வழியில்லை. உயரத்தில் தெரியுமுன் உணவு அசைவில் தெரிந்துவிட்டது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஊட்டம் குறைந்த குழந்தை முதலில் மிச்சப்படுத்துவது அசைவைத்தான். அசையாத குழந்தை எதையும் எட்டிப் பிடிப்பதில்லை. எட்டிப் பிடிக்காத குழந்தையைப் பெரியவர்கள் வயதில் சிறியதாகவே நடத்துகிறார்கள். அமைதியான பிள்ளை என்று பெயர் கிடைக்கிறது. தூக்கிக் கொஞ்சும் நேரம் குறைகிறது. இரும்புச்சத்துக் குறைவு இதை இன்னும் கடுமையாக்கும். சான்சிபாரின் பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்த ஆய்வில், கடுமையான இரத்தச்சோகை இருந்தவர்களிடம்தான் இயக்க வளர்ச்சியில் முன்னேற்றம் தெரிந்தது. தமிழ்நாட்டின் 57.4 விழுக்காட்டை இதோடு சேர்த்துப் படிப்பதே முறை.

தேயிலைத் தோட்டக் காப்பகம் என்றதும் இலங்கை மலையகத்தை நினையாமல் இருக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரம் குன்றியவர்கள் 17.3 விழுக்காடு, தோட்டப்புறத்தில் மட்டும் 31.7. அதற்கு விடையாகச் சத்துணவும் திரிபோஷா என்னும் சத்துமாவும் பேசப்படுகின்றன. அவை தேவை. ஆனால் அந்தக் குழந்தையின் பகல்பொழுதையும் பார்க்க வேண்டும். தாய் காலையிலேயே கொழுந்துக்கு மலையேறிவிடுகிறாள். கைப்பிள்ளை, பிள்ளைக் காம்பரா எனப்படும் தோட்டக் காப்பகத்தில் ஆயாவின் பொறுப்பில். பல பிள்ளைகளுக்கு ஓர் ஆயா என்றால் பாதுகாப்பான இடம் தொட்டில்தான். கீழே விட்டால் குளிர்ந்த சிமெண்டுத் தரை. மாலையில் போய்ச் சேரும் லயன் காம்பராவோ, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் அறையோ, பத்துக்குப் பன்னிரண்டு அடி; அதற்குள்ளேயே அடுப்பு, தண்ணீர்க் குடம், விறகு, பெரியவர்கள். இங்கே தவழ இடம் எங்கே? இந்தக் குழந்தையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் குறைந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை மாதம் பிந்தி உட்கார்ந்தது, நடந்தது என்பதற்கு நாடளாவிய கணக்கு இல்லை.

இயக்கப் படிநிலைகள் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுபவை, அவற்றை வைத்து மதிப்பிட்டால் வீண் அச்சம் பரவும் என்பது இவ்வாதத்துக்கு எழும் முதன்மையான மறுப்பு. நியாயமான கவலை. ஒன்பது மாதத்தில் நடந்த குழந்தைக்கும் பதினாறு மாதத்தில் நடந்த குழந்தைக்கும் தரவரிசை போடுவது அறியாமை. எட்டு மாதப் பிள்ளையை வாக்கரில் நிறுத்தி நடக்கத் துரத்துவது தீங்கும்கூட. கனடா 2004இல் அந்த வாக்கரையே தடை செய்தது. ஆனால் ஒரு மாவட்டத்திலோ ஒரு தோட்டத்திலோ குழந்தைகள் திரளாக எல்லைக்கு வெளியே போகிறார்கள் என்றால் அது அந்தந்தத் தாயின் குறையன்று, அச்சூழலின் குறை. அப்படி ஒரு கூட்டக் கணக்கைத்தான் கேட்கிறோம். குழந்தைப் பருவத்தை அசைவைக் கொண்டு அளப்பது நமக்குப் புதிதும் அன்று. பிள்ளைத்தமிழின் செங்கீரையும் சப்பாணியும் வருகையும் அசைவின் பருவங்கள். வருகையை ஓராண்டையொட்டி வைக்கும் பாட்டியல் மரபும் உலக சுகாதார நிறுவனம் நடைக்குக் கண்ட சராசரியான 12 மாதமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

இந்தியாவின் தாய்–சேய் அட்டையிலும் இலங்கையின் சிறுவர் சுகாதாரப் பதிவேட்டிலும் இப்படிநிலைகளுக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய ஆய்வுகள்தாம் அவற்றைக் கேட்பதில்லை. அடுத்த சுற்றில் இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று கேள்விகள் சேர்க்கப்பட வேண்டும்: தானே உட்காருகிறதா, தானே நிற்கிறதா, தானே நடக்கிறதா. அங்கன்வாடிக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் ஒதுக்கும் நிதியில் சத்துமாவுக்கு அடுத்த வரியிலேயே, குழந்தை தவழ்வதற்கு ஒரு பாய்க்கும் அதனோடு தரையில் உட்கார இன்னொரு ஆயாவுக்கும் தொகை எழுதப்பட வேண்டும்.