நாடகாசிரியரின் மூன்று பள்ளிகள்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் போற்றியது நம் நாடு. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கற்றோர் பலர் நாடகத்தை இழிவாகவே கருதினர். படித்த குடும்பத்து இளைஞன் மேடையேறுவது குலத்துக்கு இழுக்கு என்பது அன்றைய எண்ணம். நாடகம் எழுதக் கற்றுத்தரும் கல்லூரியும் அன்று இங்கே இல்லை. எனினும், தமிழ் நாடகத்துக்குப் புத்துயிர் அளித்த இருவர் அக்காலத்திலேதான் தோன்றினர். அவர்கள் எங்கே பயின்றனர்? ஏடு, அரங்கு, ஒத்திகைக்கூடம் ஆகிய மூன்றுமே அவர்களுடைய பள்ளிகள். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நாடகக் கல்வி முற்றுப்பெறாது என்பதை அவர்கள் வரலாறு காட்டுகின்றது.

முதலாமவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873இல் சென்னையில் பிறந்தவர். நூல்கள் நிறைந்த இல்லத்தில் வளர்ந்து, இளமையிலேயே ஆங்கில நாடகங்களைச் சுவைத்துப் படித்தவர். ஆனால் தமிழ் நாடகம் என்றால் அவருக்கு வெறுப்பு. அதனைத் தம் ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் நூலில் அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். 1891இல் பல்லாரியிலிருந்து ஒரு குழுவினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினர். அக்குழுவை நடத்தியவர் ஒரு வழக்கறிஞர். தெலுங்கு நாடக உலகில் பெரும்புகழ் பெற்ற தர்மவரம் இராமகிருஷ்ணமாசார்யுலு. கற்றறிந்தவர்கள் கூச்சமின்றி மேடையில் நின்று நடிப்பதைக் கண்ட இளைஞரின் உள்ளம் மாறிற்று. பல நூல்கள் செய்யாத மாற்றத்தை அந்தக் காட்சி செய்தது. அதே ஆண்டு ஜூலைத் திங்களில், அவரும் நண்பர் சிலரும் கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர்.

அச்சபையே அவருக்கு ஒத்திகைக்கூடம் ஆயிற்று. அவருடைய ‘புஷ்பவல்லி’ 1893இல் விக்டோரியா பொது மண்டபத்தில் அரங்கேறியது. 1895இல் ‘லீலாவதி–சுலோசனா’வும், அதே ஆண்டில் ‘மனோகரா’வும் மேடை கண்டன. சம்பந்தனார் எழுதியதோடு அமையவில்லை. நடிகருக்குப் பயிற்சி அளித்தார், தாமே முதன்மைப் பாத்திரம் ஏற்று நடித்தார். தாம் எழுதிய சொல்லைத் தம் நாவினாலேயே பேசிப் பார்ப்பவனுக்குத் தவறு விரைவில் புலப்படும். ஏட்டில் அழகாக விளங்கும் நீண்ட தொடர், பேசும்போது மூச்சை அடைக்கும். பாடல்களே மிகுந்திருந்த தமிழ் மேடையில் உரைநடை வசனம் நிலைபெற்றதற்கு இத்தகைய பயிற்சியே துணை நின்றது.

‘மனோகரா’வை எடுத்துக்கொள்வோம். மனோகரன் வீரன், ஆயினும் தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். அநீதி கண்முன் நிகழ்கின்றது. அவன் கைகளோ கட்டுண்டு கிடக்கின்றன. தாயின் சொல்லே அவனைப் பிணித்த முதற்சங்கிலி. இரும்புச் சங்கிலி அதற்குப் பின்னரே வந்தது. ஆகவே அவன் சங்கிலியை அறுக்கும் கட்டம், வெறும் உடல்வலிமையைக் காட்டுவதாக நின்றுவிடாமல், நெடுநேரம் அடக்கிவைத்த உணர்ச்சியின் வெடிப்பாக அமைகின்றது. காண்போர் உள்ளத்தை எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம் என்னும் அளவை அரங்கில் இருந்து பார்த்தவரே அறிவர்.

ஷேக்ஸ்பியரையும் அவர் மேலோட்டமாகப் படித்து விட்டுவிடவில்லை. ‘ஹாம்லெட்’ அவர் கையில் ‘அமலாதித்யன்’ ஆயிற்று; ‘மாக்பெத்’, ‘மகபதி’ ஆயிற்று; வெனிஸ் நகர வணிகன், ‘வாணீபுர வணிகன்’ ஆனான். பெயரின் ஓசையும் கெடாமல், தமிழ்ச்செவிக்கும் அயலாகாமல் அமைந்த திறத்தை நோக்குக. மொழிபெயர்ப்பைவிட நுணுக்கமான படிப்பு வேறில்லை. ஒரு வரியையும் தாண்டிச் செல்ல இயலாதன்றோ!

இரண்டாமவர் தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழிலக்கணமும் யாப்பும் பயின்றார். பின்னர் நடிகராக மேடையேறி எமன், சனீஸ்வரன் முதலிய வேடங்களைத் தாங்கினார். அதன்பின் நாடகம் இயற்றுவதிலும் பயிற்றுவதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் உண்டு, உறங்கி, பாடிப் பயின்றனர். பிற்காலத்தில் புகழ்பெற்ற தி. க. சண்முகம் சகோதரர்கள் அங்கே பயின்றவர்களே. ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் குறித்துள்ளார். கேட்போர் இதனைத் தெய்வ அருள் என்பர். அந்த ஓர் இரவுக்குப் பின்னே பல்லாண்டுப் படிப்பும் மேடை அனுபவமும் நின்றன என்பதை மாணவர் மறத்தலாகாது.

பிற்காலத்தும் இவ்வழி அற்றுப்போகவில்லை. ஒத்திகைக்கூடத்தின் பணியை நாடகப் பட்டறைகள் ஏற்றன. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த பட்டறை, தற்காலத் தமிழ் நாடகத்துக்குப் பெருந்தூண்டுதல் ஆயிற்று. பேராசிரியர் சே. இராமானுஜம் அதில் முன்னின்றவர். சிறுகதை எழுத்தாளராக அறியப்பட்ட ந. முத்துசாமி, புரிசைக் கலைஞரின் தெருக்கூத்தைக் கண்டு வியந்தார். தம் நாடகப் போக்கையே அதன் ஒளியில் மாற்றிக்கொண்டு, கூத்துப்பட்டறையை நிறுவி வளர்த்தார். அன்று தெலுங்கு மேடை ஓர் இளைஞருக்குச் செய்ததை, இங்கே ஒரு கிராமக் கூத்து செய்தது.

நாடகம் எழுத விழையும் மாணவர் செய்யவேண்டுவது என்ன? ஒரு நாடகத்தை வாய்விட்டுப் படியுங்கள். அதையே மேடையில் காணும் வாய்ப்பு நேர்ந்தால் இருமுறை காணுங்கள். முதன்முறை நடிகரைப் பாருங்கள், மறுமுறை அவையோரைப் பாருங்கள். எங்கே அவர்கள் அசைந்து உட்காருகின்றனர், எங்கே மூச்சடங்கி இருக்கின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒரே ஒரு காட்சியை எழுதி, பள்ளித் தோழர் நால்வரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் திருத்துங்கள்.

சம்பந்தனார் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கினார். ஆயினும் 1964இல் அவர் மறைந்தபோது நாடு நினைவுகூர்ந்தது நாடகத் தந்தையையே. 1959இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. இழிவென்று ஒதுக்கப்பட்ட கலை ஒருவருடைய வாழ்நாளுக்குள்ளேயே அரசின் சிறப்பைப் பெற்றதெனில், அது கற்று, கண்டு, செய்து பார்த்த உழைப்பின் பயனே ஆகும்.