எல்லை தாண்டி வாங்கிய கார்: அமெரிக்க மாநிலங்களில் பயன்பாட்டு வரி வளர்ந்த வரலாறு

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலங்களின் கையில் இருக்கிறது. நாடு முழுமைக்கும் பொதுவான விற்பனை வரி கிடையாது. அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன் ஆகிய ஐந்திலும் மாநில விற்பனை வரியே இல்லை. அங்கே போய்க் கார் வாங்கி வந்தால் ஆயிரக்கணக்கான டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போடுவோர் இன்றும் உண்டு. அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிப்பதில்லை. காரைச் சொந்த மாநிலத்தில் பதிவு செய்யப் போகும்போது 'பயன்பாட்டு வரி' என்ற பெயரில் அதே தொகையைக் கட்டச் சொல்கிறார்கள். சட்டப்படி இந்த வரி எல்லாப் பொருளுக்கும் உரியது. ஆனாலும் தனிமனிதர்களிடம் அது பல பத்தாண்டுகள் ஒழுங்காக வசூலானது வாகனங்களில்தான். நம்பர் பிளேட்டே அதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வரியின் பிறப்பு 1930களின் பெருமந்தக் காலத்தைச் சேர்ந்தது. சொத்து வரி வசூல் சரிந்து கருவூலங்கள் காலியாக, மாநிலங்கள் விற்பனை வரிக்குத் திரும்பின. மிசிசிப்பி 1932-இல் 2 சதவீதமும், கலிபோர்னியா 1933-இல் 2.5 சதவீதமும் விதித்தன. உடனே ஒரு சிக்கல் முளைத்தது. பக்கத்து மாநிலத்தில் வரி இல்லையென்றால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். அங்கே நடந்த விற்பனைக்கு இங்கிருந்து வரி போடவும் முடியாது; மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் காக்கும் அரசியலமைப்புப் பிரிவு தடுத்தது. வாங்குவதை விட்டுவிட்டு, வாங்கிய பொருளை மாநிலத்துக்குள் பயன்படுத்துவதற்கு வரி போடும் வழியை அப்போதுதான் கண்டார்கள். வாஷிங்டனும் கலிபோர்னியாவும் 1935-இல் இதைச் சட்டமாக்கின.

முதல் பெரிய சோதனை கார் வழக்கு அல்ல. கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணையைக் கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர்கள் இயந்திரங்களை வெளி மாநிலங்களில் வாங்கி வந்திருந்தார்கள். அவற்றுக்கு வாஷிங்டன் 2 சதவீத வரி கேட்க, அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 'ஹென்னஃபோர்டு எதிர் சைலஸ் மேசன் கம்பெனி' என்ற அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1937-இல் வரி செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ. வேறு மாநிலத்தில் ஏற்கெனவே 2 சதவீதமோ அதற்கு மேலோ கட்டியிருந்தால் வாஷிங்டன் எதுவும் கேட்காது. குறைவாகக் கட்டியிருந்தால் மிச்சத்தை மட்டும் கேட்கும். வெளியாளுக்கும் உள்ளூர்க்காரருக்கும் சுமை சமமாக இருப்பதாக நீதிமன்றம் கண்டது. ஆனால் இப்படிக் கழிவு கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த மௌனம் பின்னாளில் பல குடும்பங்களுக்குச் செலவு வைத்தது.

வசூலில் பொருள்களுக்குள் வேறுபாடு தெரிந்தது. அஞ்சலில் வந்த சட்டைக்கோ நாற்காலிக்கோ யாரும் தாமாக வரி கட்டவில்லை. மாநிலத்துக்குள் கடையோ ஆளோ இல்லாத அஞ்சல்வழி வணிகரை வரி வசூலிக்கச் சொல்லக் கூடாது என 1967-இலும் 1992-இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் தெற்கு டகோட்டா தொடர்பான வேஃபேர் வழக்கில்தான் அந்தத் தடை நீங்கியது. காருக்கு இந்தக் காத்திருப்பே தேவைப்படவில்லை. பதிவில்லாமல் கார் சாலையில் ஓட முடியாது. வரி கட்டாமல் பதிவு இல்லை.

கழிவுச் சிக்கலைக் கார் உரிமையாளர்களே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். வெர்மான்ட்காரர் வெளி மாநிலத்தில் கார் வாங்கி அங்கே வரி கட்டியிருந்தால் வெர்மான்ட் கழிவு கொடுத்தது. அதே வரியைக் கட்டிய பிறகு வெர்மான்டுக்குக் குடிவந்தவருக்குக் கழிவு இல்லை. இல்லினாயில் 1980 டிசம்பரில் 5 சதவீத வரி கட்டிப் புதுக் கார் வாங்கிய ஒருவர், மூன்று மாதம் கழித்து வெர்மான்டில் குடியேறியபோது மேலும் 172 டாலர் கட்ட நேர்ந்தது. சாலைச் செலவைச் சாலையில் ஓட்டுபவர் ஏற்க வேண்டும் என்று மாநிலம் வாதிட்டது. கழிவு பெற்ற உள்ளூர்க்காரரும் அதே சாலையில்தானே ஓட்டுகிறார்? 1985-இல் 'வில்லியம்ஸ் எதிர் வெர்மான்ட்' வழக்கில், இது சமப் பாதுகாப்பு உரிமைக்கு எதிரானது என நீதிபதி பைரன் வைட் பெரும்பான்மைக்காக எழுதினார். சாமானியரைப் பொறுத்தவரை 1937 தீர்ப்பைவிட இதுவே முக்கியமானது என்பேன். ஆயினும் கழிவு என்பது எல்லோருக்கும் அரசியலமைப்பு உரிமையா என்ற கேள்வியை இத்தீர்ப்பும் திறந்தே விட்டது.

இன்றைய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. ஓரிகனில் 40,000 டாலருக்குக் கார் வாங்கும் வாஷிங்டன்வாசி, ஊர் திரும்பிப் பதிவு செய்கையில் 6.5 சதவீத மாநில வரியாக மட்டும் 2,600 டாலர் கட்ட வேண்டும். உள்ளூர் வரி தனி. வேறு மாநிலத்தில் குடியிருந்து, காரை அங்கே குறைந்தது 90 நாள் ஓட்டிய பிறகு வாஷிங்டனுக்குக் குடிபெயர்பவருக்கு விலக்கு உண்டு. விற்பனை வரியே இல்லாத ஓரிகனும் 2018 முதல், வெளியே வாங்கி வரும் புதுக் கார்களுக்கு 0.5 சதவீதப் பயன்பாட்டு வரி வாங்குகிறது. 7,500 மைலுக்கு மேல் ஓடாத வண்டி அங்கே 'புதுக் கார்'.

ஆகவே வேறு மாநிலத்தில் கார் வாங்குவோர் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். பதிவு செய்யப்போகும் மாநிலத்தின் விதியை முதலில் பாருங்கள். விற்பனை ரசீதில் வரித்தொகையைத் தனியாகக் காட்டச் சொல்லி வாங்கி, அதைப் பத்திரமாக வைத்திருங்கள். கழிவு கேட்கும்போது பதிவு அலுவலகம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.