சென்னை மேற்குப் புறநகர் உள்ளாட்சி

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் புறநகர் ரயில் பாதையில் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு என்ற வரிசையில் ஊர்கள் அமைந்துள்ளன. ஒரே ரயிலில் வேலைக்குப் போய்த் திரும்பும் மக்கள் வாழும் இந்த நான்கு ஊர்களையும் நான்கு வெவ்வேறு உள்ளாட்சிகள் ஆள்கின்றன. அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். ஆவடி தனி மாநகராட்சி. திருநின்றவூர் நகராட்சி. சென்ட்ரலிலிருந்து சுமார் 33 கி.மீ. தொலைவில் உள்ள வேப்பம்பட்டு, திருவள்ளூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. இந்த ஏற்பாடு ஒரே நாளில் திட்டமிட்டு உருவானதன்று. நகரம் மேற்கே நகர நகர, சட்டம் அதன் பின்னால் சென்று கோடு போட்டதன் விளைவு இது.

தொடக்க காலம்

கிழக்கிந்திய கம்பெனியின் சாசனப்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பத்து மைலுக்கு மேற்படாத நிலப்பகுதி அதன் எல்லையாகக் குறிக்கப்பட்டது. அளந்து பார்த்தால் அந்தப் பத்து மைல் இன்றைய அம்பத்தூர் வரை எட்டும். ஆனால் நடைமுறையில் மாநகராட்சி கோட்டையையும் அதைச் சுற்றிய குடியிருப்புகளையும் தாண்டவில்லை. அம்பத்தூர் அதன் எல்லைக்குள் உண்மையாகவே வருவதற்கு 2011 வரை ஆயிற்று.

மேற்கே இருந்த ஏரிப்பாசனக் கிராமங்களுக்கு வேறொரு மரபு இருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுச் சீமையின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலைப் பங்கிடுவதற்கு முன்பே ஏரி பராமரிப்பு, கோயில், காவல், கணக்கு ஆகியவற்றுக்கென ஊரே ஒரு பகுதியை ஒதுக்கி வைத்ததை அக்கணக்குகள் காட்டுகின்றன. ஊரின் வருவாய் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு நேராகப் போன அந்த ஏற்பாட்டைக் கம்பெனியின் நிலவரி முறை குலைத்தது. பின்னாளில் உள்ளாட்சி என்று சட்டம் திருப்பிக் கொடுத்தது அதன் சிறு பகுதியைத்தான்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டபோது இந்த ஊர்கள் சென்னையோடு இரும்பால் இணைந்தன. ஆட்சி முறை அந்த வேகத்தில் வரவில்லை. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884இல் சென்னை மாகாண ஸ்தல ஸ்தாபனச் சட்டம் பிறந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று அடுக்குகள் ஏற்பட்டன. சாலையும் பள்ளியும் மருந்தகமும் ஜில்லா போர்டின் பொறுப்பு. இன்றும் முதியவர்கள் வாயில் ‘போர்டு ஸ்கூல்’ என்ற பெயர் நிலைத்திருப்பது அக்காலத்தின் மிச்சம். 1934இல் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டன.

பூண்டி

நகரமும் அதன் மேற்குப் புறமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை முதலில் தெளிவாகக் கண்ட தலைவர் சத்தியமூர்த்தி. 1939இல் சென்னை மேயரான அவர், குடிநீருக்கு செங்குன்றம் ஏரியை மட்டும் நம்பியிருந்த நகரத்துக்காக, திருவள்ளூருக்கு அப்பால் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940இல் பூண்டியில் வேலை தொடங்கி 1944இல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1943இலேயே காலமானார். 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அந்த நீர்த்தேக்கத்துக்கு இன்று அவர் பெயர். மேயருக்குத் தம் எல்லைக்கு வெளியே ஒரு அடி நிலத்தின்மீதும் அதிகாரம் இல்லாத காலத்தில் அவர் இதைச் செய்ய வைத்தார் என்பதுதான் இந்த வரலாற்றில் பூண்டிக்கு உள்ள இடம்.

அந்தச் சார்பு பின்னர் மாநில எல்லையையும் தாண்டியது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தம் கிருஷ்ணா பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம் சென்னைக்கு விட்டுக்கொடுக்க 1976இல் ஒப்புக்கொண்டன. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் முதல்வர்களாக இருந்தபோது தெலுங்கு கங்கைத் திட்டம் உருப்பெற்றது. ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையை நீர் எட்டியது 1996இல். கண்டலேற்றிலிருந்து வரும் நீர் பூண்டியில் தேங்கி, அங்கிருந்து செம்பரம்பாக்கத்துக்கும் செங்குன்றத்துக்கும் போகிறது. மாநிலங்கள் கூடிப் பேசிக் கொண்டுவந்த தண்ணீர் திருவள்ளூர் வட்டாரம் வழியாகச் செல்லும்போது, அதே வட்டாரத்தின் பல குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பி இருக்கின்றன. எல்லைக்குள் இருப்பவருக்கே குழாய் என்ற விதியின் நேரடி விளைவு இது.

ஆவடி மாநாடும் ஊராட்சி ஒன்றியமும்

1955 ஜனவரியில் ஆவடியில் யு.என்.தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் அன்றாட ஆட்சியை மாற்றியது மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு சட்டம். ஊராட்சி முறையைப் பரிந்துரைத்து பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் அறிக்கை தந்தது. காமராஜர் அரசு 1958இல் சென்னை ஊராட்சிகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஜில்லா போர்டுகள் போயின. 1960, 1961ஆம் ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. தொடக்கப் பள்ளிகள், சிறு பாசன ஏரிகள், ஊர்ச் சாலைகள் ஒன்றியத்தின் கைக்கு வந்தன. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரி ஒன்றியத்துக்கு, அதைவிடப் பெரியது பொதுப்பணித் துறைக்கு (இப்போது நீர்வளத் துறைக்கு) என்ற பிரிவினை இன்றும் தொடர்கிறது.

காமராஜர் கால ஒன்றியம், ஊர்கள் சேர்ந்து வேலை செய்ய ஏற்பட்ட மேடை. ஊராட்சித் தலைவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த ஊருக்கு முதலில் பள்ளிக் கட்டடம், எந்த ஏரிக்கு மதகு என்று பேசி முடித்தார்கள். ஆனால் 1970 தேர்தலுக்குப் பின் நீண்ட இடைவெளி விழுந்தது. பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அடுத்த தேர்தல் 1986இல்தான். சென்னை மாநகராட்சியின் நிலை இன்னும் மோசம்: 1973இல் மன்றம் கலைக்கப்பட்டபின் 1996 வரை மேயரே இல்லை.

இதற்கிடையே மேற்குப் புறநகர் தொழில் நகரமானது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் அமைந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. 1979இல் திருவள்ளூர் வரை பாதை மின்மயமானதும் வயல்கள் மனைகளாயின. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1970களில் உருவாகி, 1,189 சதுர கி.மீ. பரப்புக்குத் திட்டமிட்டது. மேற்கில் அந்த எல்லை திருநின்றவூரோடு நின்றது. எல்லைக்கு வெளியே மனை விலை குறைவு, கெடுபிடியும் குறைவு. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை வைத்தே விற்கப்பட்ட மனைகள் தமிழகமெங்கும் ஏராளம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டபின், 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. அதற்குள் வடிகாலுக்கு இடம் விடாத தெருக்கள் ஊர் ஊராக உருவாகிவிட்டன.

குத்தம்பாக்கம்

ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி தந்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்து, 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. ஸ்டாலின் சென்னையின் மேயரானதும், பூந்தமல்லி ஒன்றியத்தில் குத்தம்பாக்கம் ஊராட்சிக்கு ரெங்கசாமி இளங்கோ தலைவரானதும் அதே தேர்தலில்தான். முதலாவது செய்தி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது அதற்குக் குறையாத கவனத்துக்கு உரியது.

இளங்கோ வேதிப் பொறியாளர். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர். ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். கள்ளச்சாராயமும் சாதிச் சண்டையும் மலிந்திருந்த ஊர் அது. வடிகால் கட்டும் வேலையில், அருகிலிருந்த கிரானைட் பட்டறைகள் கழித்துப்போட்ட கற்களைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். அரசு வகுத்த மதிப்பீட்டின்படி வேலை நடக்கவில்லை என்ற புகாரில் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது. அவர் பொறுப்புக்குத் திரும்பினார். கிராம சபையைச் சட்டப் புத்தகத்துச் சடங்காக எண்ணுபவர்கள் இந்த நிகழ்ச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல சாதியினரும் ஒரே குடியிருப்பில் வாழ்வதற்கான கருணாநிதி அரசின் சமத்துவபுரத் திட்டத்தில் குத்தம்பாக்கம் வேறு வழியைக் கண்டது. இரட்டை வீடுகள் 50 கட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு சுவருக்கு இப்பக்கம் பட்டியல் சமூகக் குடும்பம், அப்பக்கம் வேறு சமூகக் குடும்பம். மண்ணை அழுத்திச் செய்த கற்களை ஊராரே தயாரித்தார்கள். இரண்டு முறை தலைவராக இருந்தபின் அவர் தேர்தலில் நிற்காமல், மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தரும் பஞ்சாயத்து அகாடமியை நடத்தினார். பக்கத்து ஊர்கள் ஒன்றின் தேவையை மற்றொன்று உற்பத்தி செய்து ஈடுசெய்யும் வலைப்பின்னலாக இயங்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த கருத்து. எண்ணெய், பருப்பு, சோப்பு போன்றவற்றை வெளிச்சந்தையில் வாங்காமல் ஊர்த் தொகுதிக்குள்ளேயே செய்துகொள்வது அதன் தொடக்கம். ஊராட்சிகள் தாமாகக் கூட்டுச் சேர இந்த வட்டாரத்தில் எழுந்த மிகத் தெளிவான சிந்தனை இதுவே; ஒரு தனி மனிதரின் உழைப்பைத் தாண்டி அது நிலைக்கும்படி சட்டம் இடம் அமைத்துத் தரவில்லை. நகரத்தின் குப்பைக்கு இடம் தேடியபோது இதே குத்தம்பாக்கத்தின் மேய்ச்சல் நிலம்தான் அதிகாரிகளின் கண்ணில் பட்டது. ஊர் அதை எதிர்த்தது.

விரிவாக்கமும் தேக்கமும்

2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனது. ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் உள்ளே வந்தன. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. 4.66 லட்சம் மக்கள் தொகை கொண்ட அம்பத்தூர் நகராட்சி தன் மன்றத்தை இழந்து மண்டலமானது. ஆவடி வெளியே நின்று, 2019இல் தானே மாநகராட்சியாகி, 2022 பிப்ரவரி தேர்தலுக்குப் பின் உதயகுமாரை முதல் மேயராகப் பெற்றது. ஆவடி காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1இல் பிறந்து, வேப்பம்பட்டை அடுத்த செவ்வாப்பேட்டை வரை நீண்டது. காவலுக்கு நகரம், வரிக்குக் கிராமம் என்ற கலவை இப்படித்தான் உருவானது.

வேப்பம்பட்டில் இந்தக் கலவை தண்டவாளத்தின்மேல் கண்கூடாகத் தெரிந்தது. மேம்பாலம் கட்டுவதென்றால், இருப்புப்பாதைக்கு மேலுள்ள பகுதி ரயில்வேயினுடையது. இருபுறமும் ஏறும் சாய்தளம் மாநில நெடுஞ்சாலைத் துறையினுடையது. நிலம் எடுத்துத் தருவது வருவாய்த் துறை. ஊராட்சிக்கு மனுப் போடும் உரிமை மட்டும் உண்டு. பாலப் பணி பல ஆண்டுகள் முடியாமல் நின்றது. 2023 நவம்பரில் தண்டவாளத்தைக் கடந்த ஒரே குடும்பத்தினர் மூவர் ரயில் மோதி இறந்தனர். மக்கள் மறியலில் இறங்கினர். மூன்று அலுவலகங்களும் ஒரு ஊராட்சியும் ஒரே நாளில் கூடிப் பேசும் மேடை இருந்திருந்தால் அந்தப் பாலம் முன்னமே முடிந்திருக்கும் என்று அங்குள்ளவர்கள் நம்புவதில் நியாயம் இருக்கிறது.

தேர்தல் முறையும் தடைபட்டது. 2016 உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபின், திருவள்ளூர் மாவட்ட ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஊரக வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் தரப்பட்டன: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பாதி இடங்கள் பெண்களுக்கு என்ற 2016 திருத்தம் அத்தேர்தலில் செயலுக்கு வந்தது. 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊராட்சியில் 300 பேர் வந்தால்தான் அது செல்லும். பகலெல்லாம் சென்னையில் வேலை பார்க்கும் மக்கள் நிறைந்த புறநகரில் அந்த எண்ணிக்கையைத் திரட்டுவது எளிதன்று. 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகளும் அப்போதே வந்தன. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று பல ஊர்கள் எதிர்த்தன. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் வந்தால் போதும், பெயர் எதுவானாலும் சரி என்று சொன்ன குடியிருப்பினரும் இருந்தார்கள். இரண்டு கோரிக்கைகளும் நேர்மையானவை.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 5,904 சதுர கி.மீ.யாக விரிவாக்கப்பட்டு, திருவள்ளூர் வட்டாரமும் உள்ளே வந்தது. திருமழிசை, திருவள்ளூர், மீஞ்சூர் உள்ளிட்ட இடங்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் தீட்டப்படுகின்றன. அரசியல் சட்டத்தின் 243இசட்ஈ பிரிவு, பெருநகரத் திட்டக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரை நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. திட்டமிடும் பொறுப்போ அமைச்சர் தலைமையிலான வளர்ச்சிக் குழுமத்திடம் உள்ளது. அந்தப் பிரிவு எழுத்தில் உள்ளபடி நடைமுறைக்கு வந்தால், ஆவடி மேயரும் வேப்பம்பட்டு ஊராட்சித் தலைவரும் ஒரே அவையில் பாலத்தையும் வடிகாலையும் குடிநீரையும் பற்றிப் பேச முடியும். அதற்கு முன்னால், தலைவர் பதவிக்குத் தேர்தல் நடக்க வேண்டும்.