கடாரத்து மண்ணும் புதுக் குடியிருப்பும்

பட்டினப்பாலை குறிக்கும் காழகமும், சோழர் மெய்க்கீர்த்தி கூறும் கடாரமும் இன்றைய கெடாவே என்பர் ஆய்வாளர். ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு அதற்குச் சான்று பகரும். அங்குச் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் நடத்திய அகழாய்வில், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்றூதும் களிமண் குழாய்களும், கசடும் வெளிப்பட்டன. ரப்பரும் செம்பனையும் வேரூன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அது தொழிற்களமாய் விளங்கியது.

அவ்வட்டாரத்திலேயே, 2013ஆம் ஆண்டில், வீடமைப்புக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது, மலாயில் ‘சண்டி’ எனப்படும் பழங்கோயில்களுள் பதினொன்றாம் எண்ணுடையது இடித்தகற்றப்பட்டது. மரபுடைமைச் சட்டம் 2005லேயே இயற்றப்பட்டிருந்தும், தனியார் நிலத்திலிருந்த அக்கோயில் அரசிதழில் பதிவாகவில்லை. செய்தி வெளிவந்தபோது எஞ்சியது வெறுமண்ணே.

வீடுகள் வேண்டா என்பார் யாருமிலர். தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த தொழிலாளர்க்கும் சொந்தக் கூரை வேண்டும். ஆயின், சரிவை அறுத்து மேல்மண்ணை வாரிவிட்டால் மழைநீர் வீட்டு வாசலுக்கே வரும். 2001இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற மழைநீர்க் கையேடும், நீரை விழுந்த இடத்திலேயே தேக்கி மெல்ல விடுக என்றே வலியுறுத்திற்று. பழைய ஓடையையும் நிழல்மரத்தையும் காத்து, கோயிலடித்தளத்தைச் சுற்றிப் பசும்புல்வெளி அமைத்திருந்தால், அக்குடியிருப்பின் சிறுவர்க்கு அதுவே பூங்காவும் வரலாற்றுப் பாடமுமாகியிருக்கும்.

முதலில் நிலத்தைப் படித்தல் வேண்டும்; வரைபடம் பின்னரே வருதல் வேண்டும். இடிந்த கோயில் புகட்டும் பாடம் இதுவே.