முட்டியில் துளிர்க்கும் குருத்து

குருத்து என்றதும் வாழைக்குருத்துதானே நினைவுக்கு வருகிறது? குருத்தெலும்பு, குருத்தணு என்ற இரண்டு கலைச்சொற்களிலும் இருப்பது அதே குருத்துதான். தேர்வில் மாற்றி எழுதிடாதீங்க. முன்னது மூட்டில் எலும்பின் நுனியை மூடியிருக்கும் வழுவழுப்பான திசு. பின்னது ஸ்டெம் செல். வேறு வகை உயிரணுவாக மாறக்கூடியது.

வாழையை வெட்டினாலும் குருத்து வரும். குருத்தெலும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் இரத்தக்குழாய் கிடையாது, அதனால் தேய்ந்தால் தானாக ஆறாது. 1743-இலேயே இலண்டனில் வில்லியம் ஹண்டர் இதை எழுதிவிட்டார்.

1994-இல்தான் சுவீடனிலிருந்து நல்ல செய்தி வந்தது. 23 பேரின் முழங்காலில் நல்ல குருத்தெலும்பைச் சிறிது எடுத்து, அதன் உயிரணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி, பழுதான இடத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் ஓர் ஓட்டையை அடைக்க நல்ல இடத்தைக் கிள்ள வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக வந்ததுதான் ஸ்டெம் செல். 1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், முயலின் எலும்பு மஜ்ஜை உயிரணுக்களை உருண்டையாகத் திரட்டி, வளர்ச்சிக் காரணி சேர்த்து, குருத்தெலும்பாக வளர்த்தார்கள்.

நம் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், இரண்டு முறைகளையும் 36 பேர், 36 பேராக ஒப்பிட்டார்கள். 2010-இல் வெளியான முடிவு: மஜ்ஜை உயிரணுவும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. முட்டியில் ஓர் அறுவைச் சிகிச்சையும் குறைந்தது.

கோலாலம்பூரில் டாக்டர் சாவ் கே யோங் குழுவினர் மஜ்ஜையைத் தொடாமல், இரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் எடுத்தார்கள். 2013-இல் வெளியான அவர்கள் ஆய்வில் 50 பேர். எல்லாருக்கும் குருத்தெலும்பு போன இடத்தில் எலும்பைத் துளையிட்டு, பிறகு வாராவாரம் முட்டியில் ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு ஹையலூரோனிக் அமிலம் மட்டும். மீதிப் பேருக்கு அதோடு ஸ்டெம் செல். எம்.ஆர்.ஐ. படத்திலும் திசுச் சோதனையிலும் ஸ்டெம் செல் குழுவின் குருத்தெலும்பு தரமாக இருந்தது. ஆனால் 24 மாதம் கழித்து, முட்டி எப்படியிருக்கிறது என்று நோயாளிகளே தந்த மதிப்பெண் 74.8-க்கு 71.1. புள்ளியியல்படி இது வேறுபாடே இல்லை. ‘ஊசி போட்டால் முட்டி புதுசாகிடும்’ என்று யாராவது விளம்பரம் காட்டினால், இந்த இரண்டு எண்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளணும். அந்த 50 பேரின் வயது 18 முதல் 50 வரை. தோட்டத்தில் குனிந்து குனிந்து பால்மரம் சீவி முட்டி தேய்ந்த நம் பாட்டிமார் வயதில் ஒருவர்கூட அதில் இல்லை.