மறுபடியும் கடித்த சிலந்தி

பீட்டர் பார்க்கர் பள்ளிப் படிப்பை முடித்தது 1965-இல். கல்யாணம் ஆனது 1987-இல். இடையில் கல்லூரிக்குப் போனான், நாளிதழுக்குப் படம் எடுத்து விற்றான், ஒரு காதலியைப் பறிகொடுத்தான். 1994 முதல் 1996 வரை, நிஜ பீட்டர் யார், அவனுடைய நகல் யார் என்று வாசகர்களைக் களைக்க வைத்த குளோன் கதையிலும் மாட்டிக்கொண்டான். பரீட்சை, பணமுடை, பேசத் துணியாத காதல் என்று தவிக்கும் பையன்களுக்காகப் பிறந்த ஸ்பைடர்மேன், 2000-ஆம் ஆண்டில் அந்தப் பையன்களின் அண்ணன் வயதையும் தாண்டியிருந்தான்.

அவனை வெளியிட்ட மார்வெல் நிறுவனமும் நொடித்துப்போய் எழுந்த நேரம் அது. 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தார்கள். 1998-இல் டாய் பிஸ் என்ற பொம்மை நிறுவனத்தோடு இணைந்தார்கள். சாம் ரெய்மி இயக்கத்தில் ஸ்பைடர்மேன் திரைப்படம் வரப்போகிறது என்ற பேச்சும் உறுதியாகியிருந்தது. படம் பார்த்த ஒரு சிறுமி கடைக்கு வந்து, இவன் கதையை முதலிலிருந்து கொடுங்கள் என்று கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது? அலமாரியில் இருந்தவை, நாற்பதாண்டு வரலாறு தெரிந்தவருக்கு மட்டுமே விளங்கும் இதழ்கள். மார்வெலின் பதிப்புப் பிரிவுத் தலைவராக 2000-இல் வந்த பில் ஜெமாஸ் கண்ட வழி இது: பழைய கதை தன் போக்கில் ஓடட்டும், பக்கத்திலேயே இன்னோர் உலகத்தைத் தொடங்கி, அதில் பீட்டரைப் பதினைந்து வயதுப் பையனாக மறுபடி பிறக்க வைப்போம். ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடர் அப்படித்தான் உருவானது.

எதைத் தொட அவர் துணிந்தார் என்பது 1962-ஐத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். மூடப்படவிருந்த ‘அமேசிங் ஃபேன்டஸி’ இதழின் 15-ஆம் எண், விலை 12 சென்ட். ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேன் கதைக்கு அதில் கிடைத்த இடம் 11 பக்கம். பதிப்பாளர் மார்ட்டின் குட்மேனுக்கு இதில் விருப்பமே இல்லை என்று லீ பின்னாளில் பலமுறை சொன்னார். சிலந்தி என்றால் ஜனங்களுக்கு அருவருப்பு. சிறு பையன் நாயகனுக்குத் துணையாக வரலாம், அவனே நாயகனாக முடியாது என்பது குட்மேனின் கட்சி. பேட்மேனுக்கு ராபின், கேப்டன் அமெரிக்காவுக்கு பக்கி என்று அன்றைய வழக்கமும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. நிற்கப்போகிற இதழ்தானே என்பதால் பையனுக்கு இடம் கிடைத்தது. முதலில் ஓவியர் ஜாக் கிர்பி வரைந்து பார்த்தார். கிர்பியின் கைபட்டால் யாரும் மாவீரராகிவிடுவார்கள். லீக்கு வேண்டியதோ ஒல்லிப்பிச்சான். வேலை டிட்கோவிடம் போனது. முகம் முழுவதையும் மூடும் முகமூடியைக் கொடுத்தவர் டிட்கோதான். உள்ளே இருப்பது பையன் என்று முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அதனால் இன்னொன்றும் விளைந்தது. அந்த முகமூடிக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். எந்த ஊர்ப் பையனும், எந்த நிறத்துப் பையனும் தன்னை அதற்குள் வைத்துப் பார்க்கலாம்.

அந்த 11 பக்கம் இன்றைக்கும் அசரவைக்கிறது. கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடிக்கிறது, சக்தி வருகிறது, மல்யுத்த மேடையில் பணம் கிடைக்கிறது, தொலைக்காட்சியில் புகழ் கிடைக்கிறது. ஓடிவரும் திருடனைத் தடுக்கச் சொல்லிக் காவலர் கத்துகிறார். அது என் வேலையல்ல என்று பீட்டர் ஒதுங்கிக்கொள்கிறான். பிறகு அதே திருடன், பீட்டரை வளர்த்த பென் பெரியப்பாவைச் சுட்டுக் கொல்கிறான். அமெரிக்க காமிக்ஸில் அதுவரை வந்த நாயகர்களுக்கு அநீதி பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. பேட்மேனின் பெற்றோரை யாரோ கொன்றார்கள். சூப்பர்மேனின் கிரகம் தானாக வெடித்தது. இந்தப் பையனுக்கோ குற்றம் அவன் கையிலேயே இருந்தது. ஸ்பைடர்மேன் அறுபது ஆண்டு தாண்டி நிற்பதற்கு வலையும் சுவரேறும் வித்தையும் காரணமல்ல, இந்த ஒரு குற்றம்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் 11 பக்கத்தில் ஒன்று முடியவில்லை. பென் பெரியப்பா வருவது சில கட்டங்களில் மட்டும். பீட்டர் வீடு திரும்பும்போது வாசலில் நிற்கும் போலீஸ்காரர் செய்தியைச் சொல்கிறார். அதைத் தாங்கிக்கொள்ள அவனுக்கும் நேரமில்லை, நமக்கும் நேரமில்லை. அடுத்த பக்கத்தில் திருடனைத் துரத்தக் கிளம்பிவிடுகிறான். சக்தி உள்ளவனுக்குக் கடமையும் உண்டு என்கிற, உலகம் முழுக்கத் தெரிந்த அந்த வாசகம்கூட அதில் பென் வாயிலிருந்து வரவில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லி எழுதியது அது. பெரியப்பாதான் சொன்னார் என்ற நினைப்பு பின்னால் வந்த கதைகளால் ஏறியது. ஒரு மனிதரின் சாவு மேல் எழுந்து நிற்கிற கதையில் அந்த மனிதரே ஏறக்குறைய இல்லை.

இந்தத் தொடக்கக் கதையைச் சரிசெய்யலாம் என்று ஜெமாஸுக்கு முன்பே மார்வெல் ஒரு தடவை முயன்றது. 1998 இறுதியில் தொடங்கி மறு ஆண்டு வரை ஜான் பைர்ன் ‘சாப்டர் ஒன்’ என்ற தொடரை எழுதி வரைந்தார். பைர்ன் பெரிய கலைஞர். ஆனால் அவர் சரிசெய்யப்போனது சம்பவங்களை. பீட்டருக்குச் சக்தி தந்த அதே விபத்தில் வில்லன் டாக்டர் ஆக்டோபஸும் உருவாவதாகக் கோத்தார். பழைய இதழ்களில் விட்டுப்போன முடிச்சுகளையெல்லாம் ஒன்றோடொன்று கட்டினார். பழைய வாசகருக்கு அது தேவைப்படவில்லை, புது வாசகருக்கு அது விளங்கவில்லை. பென் அப்போதும் அவசரமாகத்தான் செத்தார்.

அல்டிமேட் தொடரை எழுத மார்வெல் ஆசிரியர் ஜோ கெசாடா பரிந்துரைத்த பெயர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ். கிளீவ்லாந்துக்காரர், ‘ஜிங்க்ஸ்’, ‘டார்சோ’ போன்ற கறுப்பு வெள்ளைக் குற்றக் கதைகளால் அறியப்பட்டவர். அவருடைய கதைகளில் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பேச்சு பாதியில் அறுபடும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிக் கேட்பார், பதில் வராமல் இரண்டு கட்டங்கள் மௌனமாகப் போகும். வரைய வந்த மார்க் பேக்லி விமானத் தொழிற்சாலையில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர்; மார்வெல் நடத்திய புதியவர் தேர்வுப் போட்டியில் வென்று தொழிலுக்கு வந்தவர். பழைய ஸ்பைடர்மேனைத் தொண்ணூறுகளில் பல ஆண்டுகள் வரைந்திருந்ததால், வளர்ந்த பீட்டரின் உடம்பு அவருக்கு அத்துப்படி. புதுத் தொடருக்காக அதை ஒதுக்கிவைத்துவிட்டு, நீண்ட கை கால்களும் மெல்லிய கழுத்துமாக ஒரு விடலைப் பையனைப் புதிதாக வரைந்தார். 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் இதழ் வந்தது. கதைப் பொறுப்பில் ஜெமாஸின் பெயரும் பெண்டிஸின் பெயரும் இருந்தன.

லீயும் டிட்கோவும் 11 பக்கத்தில் முடித்ததற்கு இவர்கள் 7 இதழ்கள் எடுத்துக்கொண்டார்கள். முதல் இதழில் உடையும் இல்லை, முகமூடியும் இல்லை. இழுவை என்று அன்றே சிலர் குறைபட்டார்கள். தொகுப்பு நூலாகப் போட்டு விற்பதற்காக நீட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பிந்தைய பல தொடர்களுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இங்கே அந்தப் பக்கங்களெல்லாம் பென் பெரியப்பாவின் வீட்டுக்குப் போயின. நரைத்த முடியை நீளமாக வளர்த்துப் பின்னால் கட்டியிருக்கும், இளமையில் ஹிப்பிகளோடு வாழ்ந்த மனிதர் அவர். மே பெரியம்மா நடுங்கும் கிழவியாக இல்லாமல், வெடுக்கென்று பேசும் உறுதியான பெண்ணாக மாறினார். சாப்பாட்டு மேசையில் மூவரும் பேசுவதை, சண்டை போடுவதை, பீட்டர் கதவைச் சாத்திக்கொண்டு போவதை நாம் பார்க்கிறோம். பெரியப்பா அவனைத் தேடிவந்து, அவன் அப்பா நம்பிய ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பழைய வாசகம் இப்போது ஒரு மனிதர் இன்னொருவனிடம் முகம் பார்த்துச் சொல்வதாகிவிட்டது. அவர் சாகும்போது, ஒரு வீட்டில் ஒருவர் இல்லாமல் போவது என்றால் என்ன என்று நமக்குத் தெரிகிறது.

சிலந்தியும் மாறியது. 1962-இல் அணுகுண்டு பயம், ஆகவே கதிரியக்கம். 2000 ஜூனில்தான் மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு முடிந்ததாக வெள்ளை மாளிகையில் அறிவித்திருந்தார்கள். ஆகவே ஆஸ்பார்ன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மரபணுவை மாற்றும் மருந்து ஏற்றிச் சோதித்த சிலந்தி. பள்ளிச் சுற்றுலாவில் அது பீட்டரைக் கடிக்கிறது. 2002-இல் வந்த ரெய்மியின் படத்திலும் மரபணு மாற்றிய சிலந்திதான். நாளிதழில் பீட்டர் செய்யும் வேலையும் மாறி, அதன் இணையதளத்தைக் கவனிக்கும் பையனானான். மாறாதது ஒன்று: திருடனை விட்டுவிட்டது. ஏழு இதழ்களில் எத்தனையோ திருத்தியவர்கள் அந்த ஒரு நொடிக்கு எந்தச் சமாதானமும் சேர்க்கவில்லை. அவனுக்குத் தெரியாது, அவனால் முடியவில்லை என்று மெழுகியிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. சிலந்தி ஆஸ்பார்னுடையது, அவர் மகன் ஹாரி பீட்டரின் வகுப்புத் தோழன், அதே மருந்திலிருந்துதான் வில்லன் கிரீன் காப்ளினும் வருகிறான். வலைப்பசை பீட்டரின் அப்பா விட்டுப்போன ஆராய்ச்சியில் பிறந்தது. பிறகு வந்த வில்லன் வெனமும் அப்பாவின் ஆராய்ச்சியே. எல்லாம் ஒரே குடும்பச் சொத்துப் போல் ஆகிவிடுகிறது. 1962-இன் சிலந்திக்கு பீட்டரை யாரென்றே தெரியாது. கண்காட்சியில் பக்கத்தில் நின்றவன் கையில் இறங்கியது, அவ்வளவுதான். அது உன்மேலும் இறங்கியிருக்கலாம் என்பதுதான் வாசகனுக்குக் கிடைத்த செய்தி. அப்பா வழிவந்த விதி என்று ஆக்கும்போது அந்தச் செய்தி கலங்குகிறது. 2012-இன் திரைப்படம் அப்பாவின் ரகசியத்தையே பிடித்துக்கொண்டு இன்னும் தடுமாறியது. 2004-இல் சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் ஜே. காங் ஆகியோர் உருவாக்கிய ‘ஸ்பைடர்மேன்: இந்தியா’வும் இதே இடத்தில்தான் சறுக்கியது. கிராமத்திலிருந்து மும்பைக்கு வந்து, பணக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பவித்ர் பிரபாகர் அருமையான படைப்பு. ஆனால் அவனுக்கு ஒரு யோகி வந்து சக்தியை வழங்குகிறார். தேர்ந்தெடுக்கப்பட்டவனாகிவிட்ட பிறகு அவன் பக்கத்து வீட்டுப் பையன் அல்ல.

அல்டிமேட் தொடரின் உச்சம் என்று நான் சொல்வது 13-ஆம் இதழை. அதில் சண்டையே கிடையாது. பீட்டர் தன் அறையில் உட்கார்ந்து தோழி மேரி ஜேனிடம் தன் ரகசியத்தைச் சொல்கிறான். இதழ் முழுக்க அந்தப் பேச்சுதான். பழைய கதையில் பல ஆண்டுகள் மூடிவைத்த ரகசியம் அது. பதினைந்து வயதில் இவ்வளவு பெரிய பாரத்தைத் தோழியிடம் சொல்லாமல் யாரால் இருக்க முடியும் என்று கேட்டு, அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை எழுதினார் பெண்டிஸ்.

பெண்டிஸும் பேக்லியும் சேர்ந்து இடைவெளியில்லாமல் 111 இதழ்கள் படைத்தார்கள். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ தொடரில் லீயும் கிர்பியும் வைத்திருந்த நூற்றுச் சொச்ச இதழ்களின் சாதனையை அது தாண்டியது. 2011-இல், 160-ஆம் இதழில், பீட்டரைத் தன் வீட்டு வாசலிலேயே சாகவிட்டார்கள். பெரியப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை, உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவோடு பெரியம்மாவின் முன் அவன் கண்மூடுகிறான். அவன் பட்ட கடன் அங்கே தீர்கிறது.

சிலந்தியைக் குடும்பச் சொத்தாக்கிய அந்தக் குறையைத் தீர்த்தவனும் அதே ஆண்டில் வந்தான். பெண்டிஸும் இத்தாலிய ஓவியர் சாரா பிச்செல்லியும் படைத்த மைல்ஸ் மொராலெஸ், புரூக்ளின் பையன். அப்பா கறுப்பினத்தவர், அம்மா போர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர். அவன் கதை ஒரு பள்ளிச் சேர்க்கைக் குலுக்கலில் தொடங்குகிறது. எத்தனையோ குடும்பங்கள் பதைத்து நிற்கும் கூடத்தில் அவனுக்குரிய 42-ஆம் எண் விழுகிறது. அவனைக் கடிக்கப்போகும் சிலந்தியின் எண்ணும் 42. அதிர்ஷ்டம் என்பது எவ்வளவு அநியாயமானது என்று அந்தப் பையனுக்கு அப்போதே தெரியும். சிலந்தி கடிப்பது அப்பாவின் உடன்பிறந்தவரான ஆரன் வீட்டில். அவர் திருடர், ஆஸ்பார்னிடம் திருடப்போன இடத்தில் சிலந்தி பையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல பெரியப்பா இருந்த இடத்தில் திருட்டு உறவினர்! மைல்ஸுக்கு இந்தச் சக்தி வேண்டியிருக்கவில்லை, ஒதுங்கிப்போகிறான். பீட்டர் சாவதை நேரில் பார்த்த பிறகு, முன்பே இறங்கியிருந்தால் உதவியிருக்கலாமே என்ற எண்ணம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. 1962-இன் அதே குற்றம், அதே வலி. ஆனால் ஒரு காட்சியும் திரும்ப வரவில்லை. மறுபடைப்பு என்றால் இதுதான் என்பேன்.

2024 ஜனவரியில் ஜொனாதன் ஹிக்மேனும் மார்கோ கெக்கெட்டோவும் அதே பெயரில் இன்னொரு தொடர் தொடங்கினார்கள். அதில் பீட்டரைச் சிறுவயதில் சிலந்தி கடிக்கவிடாமல் ஒருவன் தடுத்துவிட்டான். மனைவி, இரண்டு குழந்தைகள் என்று முப்பதுகளில் இருக்கும் பீட்டருக்குச் சக்தி வேண்டுமா என்ற தேர்வு கிடைக்கிறது. பென் உயிரோடு இருக்கிறார். நன்றாக எழுதப்பட்ட தொடர்தான், பெரியவர்களுக்குப் பிடிக்கும். பதின்வயது வாசகருக்கு ஜெமாஸ் திறந்துவிட்ட கதவை மட்டும் அது மறுபடி சாத்திவிட்டது.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருப்பவர்கள் இந்த வரிசையில் கொடுத்துப் பாருங்கள்: முதலில் 1962-இன் 11 பக்கம், பிறகு பெண்டிஸ்–பேக்லியின் முதல் 7 இதழ்கள், அடுத்து அந்த 13-ஆம் இதழ், அதன்பின் மைல்ஸின் முதல் 5 இதழ்கள். திரைப்படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.